சிஃபாஸ்ட்டா, எஃப்டிஎஸ்ஸா? புகை பரவுறத கணக்கு போட எது போதும்

தீ சிமுலேஷன்னு இறங்குறவங்க நெறைய பேரு நேரா எஃப்டிஎஸ்ங்கிற (FDS) மென்பொருள்லதான் போய் விழுறாங்க. காரணம், ரிசல்ட்ட படமா காட்டுற ஸ்மோக்வியூ (Smokeview) மென்பொருள்ல தெரியுற அந்த கரும்புகையும் ஆரஞ்சு தீயும், பாக்க அவ்ளோ நிஜமா இருக்கும். எஃப்டிஎஸ்ஸ வெளியிடுற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனமான நிஸ்ட்டே (NIST) சிஃபாஸ்ட்னு (CFAST) இன்னொரு மென்பொருளும் இலவசமா குடுக்குது, அத யாரும் பெருசா கண்டுக்கிறதில்ல.

சிஃபாஸ்ட் ஒரு ரூம ரெண்டா பிரிக்கும், மேல சூடான புகை, கீழ ஓரளவு சுத்தமான காத்து, அவ்ளோதான். கதவு வழியா எவ்ளோ புகை போகுது, புகை மட்டம் எப்போ நம்ம தலை உயரத்துக்கு இறங்குதுன்னு சாதாரண லேப்டாப்லயே டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சொல்லிடும், அதனால கதவு திறந்திருந்தா என்ன மூடியிருந்தா என்னன்னு சலிக்காம மாத்தி மாத்தி ஓட்டலாம். ஆனா மேல போன புகை கூரை முழுக்க உடனே பரவிடுச்சுன்னு எடுத்துக்கும், நீளமான காரிடார்லயும் பெரிய ஏட்ரியத்துலயும் (பல மாடி உயரத்துக்கு திறந்து கெடக்குற ஹால்) அது சொல்றத அப்படியே நம்ப முடியாது.

எஃப்டிஎஸ் இடத்த குட்டி குட்டி செல்லா வெட்டி ஒவ்வொண்ணுலயும் காத்தோட்டம், வெப்பம் எல்லாம் கணக்கு போடும். செலவே இங்கதான். 1 மெகாவாட் தீக்கு கேரக்டரிஸ்டிக் டயாமீட்டர் (தீயோட வெப்ப அளவ ஒரு நீளமா மாத்தி சொல்ற எண்) கிட்டத்தட்ட 0.96 மீட்டர் வரும், அத 4லேர்ந்து 16 வரைக்கும் ஏதாவது ஒண்ணால வகுத்து செல் சைஸ் எடுப்பாங்க, அதாவது 24 செ.மீ.லேர்ந்து 6 செ.மீ. வரை. செல்லோட பக்கத்த பாதியாக்குனா எண்ணிக்கை 8 மடங்கு, டைம் ஸ்டெப்பும் (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவுல உள்ள நேரம்) பாதியாகுறதால மொத்த வேலை 16 மடங்கு. ராத்திரி ஓடவிட்டா காலைல முடிஞ்சிடும்னு நெனச்சது வாரக்கடைசி வரைக்கும் இழுக்கும்.

அதுக்காக எஃப்டிஎஸ் வேஸ்ட்னு சொல்லல. 2003ல ரோட் ஐலண்ட் ஸ்டேஷன் நைட்கிளப்ல பட்டாசு பொறி பட்டு சுவத்து ஃபோம் எரிஞ்சு 100 பேர் செத்தாங்க, அந்த விசாரணைல நிஸ்ட் எஃப்டிஎஸ்தான் ஓட்டுச்சு. சுவத்துல தீ ஏறுறதெல்லாம் ரெண்டு அடுக்கு கணக்குல அடங்காது.

ஆனா ஒண்ணு, டிசைன் வேலைல தீ எவ்ளோ பெருசுன்னு ரெண்டுலயுமே பெரும்பாலும் நாமதான் குடுக்குறோம். அந்த நம்பர் தப்புன்னா செல் எவ்ளோ சின்னதா இருந்தாலும் தப்புதான். ஸ்மோக்வியூ தீயும் போட்டோ இல்ல, வெப்ப வெளியீடு ஒரு அளவ தாண்டுன இடத்துக்கு கலர் அடிக்குது. என்னைக் கேட்டா சிஃபாஸ்ட்ல எல்லா கேஸும் ஓட்டிட்டு மோசமான ஒண்ணு ரெண்ட மட்டும் எஃப்டிஎஸ்க்கு எடுத்துட்டுப் போங்க. படம்தான் வேணும்னா சிஃபாஸ்ட் ரிசல்ட்டையும் ஸ்மோக்வியூல திறக்கலாம்.