சிக்கல்வழிக் கற்றல்: புற்றுநோய்ச் செவிலியருக்கான உயர்பயிற்சி ஒன்றின் மதிப்புரை

1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்வியில் வேரூன்றிய சிக்கல்வழிக் கற்றல் முறையைப் பின்பற்றும் செவிலியர் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். இங்கே விரிவுரைக்கு முன்பே நோயாளியின் நிலை நம் முன் வைக்கப்படுகிறது.

முதல் நேர்வே மனத்தில் ஆழப் பதிந்தது. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கை எரிகிறது என்கிறார் நோயாளி; மருந்து இரத்தக்குழாய்க்கு வெளியே கசிவதன் அறிகுறியாக அது இருக்கலாம். ஊசியை உடனே உருவிவிட வேண்டும் என்றுதான் எங்களில் பலர் சொன்னோம். மருந்தை நிறுத்தி, கேனுலாவை (இரத்தக்குழாயில் செருகிய மெல்லிய குழாயை) அகற்றாமல், அதன் வழியாகவே கசிந்த மருந்தை இயன்றவரை உறிஞ்சியெடுத்த பின்னரே அதை நீக்க வேண்டும் என்பதையும், இம்மருந்துக்குக் குளிர் ஒத்தடமும் வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்கு வெப்ப ஒத்தடமும் ஏன் என்பதையும் நாங்களே தேடிக் கண்டடைந்தோம். வழிநடத்தியவர் விடை சொல்லாமல் கேள்வி மட்டுமே கேட்டார். அந்தப் பொறுமைதான் இப்பயிற்சியின் பெரும் பலம்.

வெள்ளணு குறைந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்குவது பற்றிய நேர்வும் நன்று.

ஆனால், இறுதிக்கட்ட நோயாளியின் குடும்பத்தாரிடம் பேசுவதற்கு ஒரே ஓர் அமர்வு ஒதுக்கியது எனக்கு வருத்தமே. வார்டில் நாங்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். பதினைந்து பேர் கொண்ட குழுவில் கூச்சமுள்ளோர் வாய்திறக்கவே இல்லை. இரவுப்பணி முடித்து வருவோர் வாசிப்புக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு சேருவது நல்லது.