சூரை இனங்காணும் அட்டை: வாழைச்சேனைப் படகில் பாவித்துப் பார்த்தது

பலநாள் படகில் தொழில் செய்கிறவர்கள், சூரை (tuna) மீன் இனங்களைப் படம் போட்டுக் காட்டும் இந்த அட்டைக் கட்டை எங்கு கண்டாலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் படகுக்கு லொக் புக், அதாவது பிடித்த மீனைப் பதியும் புத்தகம், எழுதுவது நான்தான். கரையில் பெரும்பாலும் "எல்லாம் கெலவல்லாதான், எழுதிவிடு தம்பி" என்பார்கள். கெலவல்லா என்பது மஞ்சள் செட்டைச் சூரைக்குச் சிங்களப் பெயர். சின்ன மீன் என்றால் அதற்குள் பெருங்கண் சூரையும் கலந்து கிடக்கும்.

அட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் படம். மஞ்சள் செட்டைச் சூரையின் குஞ்சில் வெள்ளைக் கோடு ஒன்று, புள்ளி வரிசை ஒன்று என்று மாறி மாறி வரும். பெருங்கண் சூரையில் கோடுகள் குறைவு, இடைவெளி அதிகம். ஐஸில் கிடந்தால் இந்தக் கோடுகள் மங்கிவிடும். அப்புறம் ஈரலைப் பார்க்க வேண்டியதுதான்: பெருங்கண் சூரையின் ஈரலில் அடிப்பக்கம் வரிவரியாக இருக்கும், மற்றதில் வழுவழுப்பு. வயிறு கீறும்போதே பார்த்துவிடலாம், தனி வேலை இல்லை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: சீஷெல்ஸில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணைக்குழு இந்த இரண்டு இனத்தையும் வெவ்வேறாகத்தான் கணக்கிடுகிறது. இலங்கையான நம் பிடியும் மாலைதீவு, ஈரான், இந்தோனேசியா பிடியும் ஒரே கணக்கில் சேர்கின்றன. மீனுக்கு எல்லை இல்லையே. 2005 முதல் 2007 வரை 160,000க்கும் மேற்பட்ட சூரைகளுக்கு அடையாளம் கட்டி விட்டு, அவை எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். மஞ்சள் செட்டை அளவுக்கு மீறிப் பிடிபடுகிறது என்று 2015 மதிப்பீட்டில் வந்ததும், மறு வருடமே பிடியைக் குறைக்கத் தீர்மானம் போட்டார்கள். பெயர் மாறிப்போன கணக்கை வைத்து நாளைக்கு நம் பிடியையும் வெட்டலாம். தொன்னுக்கு ஒரு மீனாவது அளக்க வேண்டும் என்பது விதி. அளக்கும்போது நாடாவை உடம்போடு வளைத்துப் பிடிக்கக் கூடாது, மூக்கு நுனியிலிருந்து வால் கவை (வால் இரண்டாகப் பிரியும் இடம்) வரை நேராகப் பிடிக்க வேண்டும்.

குறை என்றால், எங்களுக்கு முதலில் கிடைத்தது யாரோ எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளை நகல். அதில் மஞ்சள் எது, வெள்ளை எது என்று தெரியவே இல்லை. வண்ண அட்டையை மட்டும் வாங்குங்கள், வீல் ஹவுஸிலேயே கட்டி வையுங்கள். அடுத்த முறை அச்சடிக்கிறவர்கள் நம் கரைப் பெயர்களையும் போட்டால் நல்லது. வாழைச்சேனையிலும் கல்முனையிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று கேட்டாலே எல்லாம் கிடைத்துவிடும்.