டிவியில் வந்த சாப்பர் பட்டறை என்று நம்பி முன்பணம் கட்டாதீர்கள்: என் 18,500 டாலர் போய்விட்டது

பைக் செய்து தருகிறேன் என்று முன்பணம் வாங்கிய கடையின் வக்கீலிடமிருந்து நேற்று மெயில் வந்தது. ஒப்பந்தப்படி முன்பணம் திருப்பித் தரப்படாதாம். இனிமேல் கடைக்கு நேராகப் போன் பண்ணவோ வரவோ கூடாதாம். இரண்டே வரி. 18,500 டாலர். பைக்கும் இல்லை, பணமும் இல்லை. வயிறு எரிகிறது. இந்தச் சூட்டோடு எழுதினால்தான் உண்டு. அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்களில் கஸ்டம் பைக் ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர், அவர்களாவது தப்பிக்கட்டும். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்) அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஒரு காலத்தில் ரியாலிட்டி ஷோவில் வந்து, ஷோ நின்ற பிறகும் அந்தப் பெயரை வைத்தே ஓடுகிற கஸ்டம் சாப்பர் (முன் ஃபோர்க்கை நீட்டி, ஆளுக்கேற்றபடி செய்யும் பைக்) பட்டறை என்பது மட்டும் போதும். கீழே நான் பெயர் சொல்லி எழுதும் கடைகளில் எதுவும் அது இல்லை.

மாணவனாக இங்கே வந்த புதிதில், ரூமில் நாலு பேர் தரையில் உட்கார்ந்து இந்த ஷோக்களைத்தான் பார்ப்போம். நீண்டு சரிந்த முன் ஃபோர்க், வெல்டிங் பொறி, அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துவது, கடைசியில் துணியை விலக்கி வண்டியைக் காட்டுவது. வாழ்க்கையில் ஒரு வண்டியாவது இப்படிச் செய்து வாங்கிவிட வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்தது. பல வருஷம் சேர்த்த பணம் அது.

கடைக்குப் போன அன்றைக்கு, டிவியில் பார்த்த அந்த மனிதரே வெளியே வந்து கை கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னோடு இருந்தார். வெறும் ஃபிரேமில் உட்காரச் சொல்லி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப் வைத்து அளந்தார். கால் நீளம் அளந்தார். அளவுகளைச் சிமென்ட் தரையிலேயே சாக்பீஸால் எழுதினார். பெயின்ட் அடிக்காத டேங்க் ஒன்றை என் மடியில் வைத்து, "இதில் என்ன வரைய வேண்டும்?" என்றார். எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரையின் படத்தைப் போனில் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, பெரிதாக்கி, அதன் பல்லையும் கழுத்து மணியையும் அவ்வளவு நேரம் பார்த்தார். "இதுவரைக்கும் இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை, இதை நானே முன்னால் நின்று பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பிறகு மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, அதில் என் பெயரை மார்க்கரால் எழுதி, ஃபிரேமின் கழுத்தில் ஒட்டினார்.

அந்த டேப் துண்டுதான். அதைப் பார்த்த பிறகு எந்த மனுஷனுக்குச் சந்தேகம் வரும்?

மொத்த விலை 42,000 டாலர். அன்றைக்கு 10,000, என்ஜின் ஆர்டர் போட என்று அடுத்த மாதம் 8,500. கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல் என்றும், வயர் டிரான்ஸ்ஃபர் (பாங்கிலிருந்து பாங்குக்கு நேராகப் பணம் அனுப்புவது) செய்தால் கோடு போடும் பெயின்ட் வேலை இலவசம் என்றும் ஆபீஸில் இருந்த பெண் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறது. கார்டு என்றால் பணத்தைத் திருப்பி இழுக்க வழி இருக்கிறது. வயர் போனால் போனதுதான்.

அதற்குப் பிறகு பேச்சு மாறியது. முதலில் "என்ஜின் சப்ளையர் தாமதம்". பிறகு "பெயின்ட் பூத்தில் க்யூ". மார்ச்சில் கேட்டால் முதலாளி டேடோனா பைக் திருவிழாவில் இருக்கிறார், ஆகஸ்டில் கேட்டால் ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழாவில் இருக்கிறார். நான் வாய்ஸ்மெயிலில் கெஞ்சிக்கொண்டிருந்த அதே நாளில், ஸ்டர்ஜிஸ் ராலியில் டி-ஷர்ட் விற்றுக்கொண்டு ரசிகர்களோடு போட்டோ எடுத்துப் போடுகிறார்! ஒருமுறை அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, புதிதாக ஒரு ஷோ பேசிக்கொண்டிருக்கிறோம், உங்கள் பைக் முதல் எபிசோடிலேயே வரலாம், அதனால்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார். என்ஜின் நம்பரை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். அந்த ஒரு நம்பரைக் கடைசி வரை தரவில்லை.

பொறுக்காமல் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கே போனேன். ஷோரூமைத் தாண்டிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், என்னை உட்கார வைத்த அதே ஃபிரேம். பின் ஃபெண்டர், சக்கரம், என்ஜின் எல்லாம் ஏறியிருந்தது. ஒரு வினாடி சந்தோஷமாகக்கூட இருந்தது. கிட்டே போனால் கழுத்தில் வேறு ஒருவர் பெயர். புது டேப்பை என் பெயருக்கு மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஓரம் உரிந்து, என் பெயரின் கடைசி எழுத்து அடியில் தெரிந்தது. அங்கே வேலை செய்யும் வெல்டர் பையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்கள் வண்டிக்கு என்ஜின் ஆர்டரே போடவில்லை. இது உங்களுக்கு முன்னால் பணம் கட்டி, கேஸ் போடுவேன் என்று மிரட்டியவருடையது." அதாவது என் 18,500 டாலர் அவர் வண்டிக்கு. என் வண்டிக்கு இனி வரப்போகும் யாரோ ஒருவர் பணம். அவர் வரவில்லை என்றால் எனக்கு நாமம்.

ஷோ முடிந்த பிறகு இந்தத் தொழில் என்ன ஆனது என்று அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்கன் சாப்பர் 2003இல் டிஸ்கவரியில் தொடராக வர ஆரம்பித்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச் கவுன்ட்டி சாப்பர்ஸ் என்ற கடை, அதை நடத்திய அப்பா, மகன் பால் டியூட்டல் சீனியரும் ஜூனியரும். அதில் நாம் வாய் பிளந்து பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவை தீம் பைக்குகள், பெரிய கம்பெனிகள் தங்கள் விளம்பரத்துக்காகச் செய்யச் சொன்னவை. கேமரா இருக்கும்வரைதான் கம்பெனிக்கு அதில் லாபம். கேமரா போனால் அந்த ஆர்டரும் போய்விடும். மிஞ்சுவது டி-ஷர்ட், தொப்பி, நம்மைப் போன்ற தனி ஆட்களின் முன்பணம்.

ஆரஞ்ச் கவுன்ட்டி சாப்பர்ஸ் 2008இல் நியூயார்க் மாநிலத்து நியூபர்கில் பிரம்மாண்டமான தலைமையகம் திறந்தார்கள். அதே வருஷம் பொருளாதாரம் சரிந்தது. 2010 பிப்ரவரியில் ஷோ நின்றது. அப்பா, மகன் போட்டி என்று அதே ஆண்டில் வேறு வடிவில் திரும்பி வந்தது, ஆனாலும் 2011இல் அந்தக் கட்டடம் கடனில் கைவிட்டுப் போனது. 2018இல் சீனியர் 10 லட்சம் டாலருக்கு மேல் கடன் காட்டித் திவால் மனு போட்டார். அதே வருஷம் ஷோ மறுபடி வந்தது. இன்றைக்கு அந்தப் பெயர் புளோரிடாவில் உணவகமும் மியூசியமுமாக இருக்கிறது. மான்ஸ்டர் கராஜ் என்ற இன்னொரு டிவி ஷோவில் புகழ் பெற்ற ஜெஸ்ஸி ஜேம்ஸ், லாங் பீச் பட்டறையை 2010இல் மூடிவிட்டு டெக்ஸஸின் ஆஸ்டினுக்குப் போனார். இவர்கள் யாரும் என்னை ஏமாற்றவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை என்றால் அவர்களைப் பார்த்து வளர்ந்த சின்னக் கடைகளின் கணக்கு எப்படி இருக்கும்? ஷோவை நம்பாமல் நிறைய வண்டி செய்துகொண்டிருந்தவர்களே தாங்கவில்லை. ஃபோர்ட் வொர்த்தின் அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் 2008இல் மூடியது, விசிட்டாவின் பிக் டாக் 2011இல் நின்றது. ஆனால் பழைய எபிசோடுகள் மறுஒளிபரப்பில் ஓடிக்கொண்டே இருக்கின்றன, அதைப் பார்க்கிறவனுக்குக் கடை இன்னும் அன்றைக்கு மாதிரியே ஜெகஜோதியாக இருப்பதாகத்தான் தெரியும்.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். கார்டு வேண்டாம் என்று தள்ளுகிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அடுத்த தவணைக்கு முன் என்ஜின் நம்பர், ஃபிரேமின் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த ஊர்க் கோர்ட் இணையதளத்தில் கடைப் பெயரையும் முதலாளி பெயரையும் போட்டுத் தேடுங்கள். நான் இப்போது தேடினேன், வரிசையாக வழக்குகள். கடை திவாலானால் முன்பணம் கட்டிய நமக்குச் சட்டத்தில் முன்னுரிமை 3,000 சொச்சம் டாலர் வரைக்கும்தான், மீதிக்கு அடமானம் வைத்துக் கடன் கொடுத்த பாங்குக்குப் பின்னால் கடைசி வரிசை. 18,500 எங்கே, 3,000 எங்கே.

போன வாரம்கூட அவர்கள் பக்கத்தில் "அடுத்த சீசனுக்கு ஆர்டர் திறந்திருக்கிறது" என்று போட்டிருந்தார்கள். இப்படி ஒரு கடையில் பணம் கட்டிக் காத்திருப்பவர்கள், கட்டப் போகிறவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், பெயரைச் சொல்கிறேன். புகாரில் என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தால்தான் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் ஃபைல் நகரும் என்று அங்கேயே சொன்னார்கள்.