வெப்ஸ்பியரின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு வசதி: படித்துப் பார்க்க அருமை, புதிதாக உருவாக்கச் சுமார்

நிறுவனங்களின் ஜாவா பயன்பாடுகளை ஓட்டும் மென்பொருளான ஐபிஎம் வெப்ஸ்பியர் அப்ளிகேஷன் சர்வரை நிர்வகிப்பவர்களுக்கு, உலாவியில் திறக்கும் அதன் நிர்வாகத் திரையான அட்மின் கன்சோல் பழகிய இடம்தான். ஆனாலும் ஒரு பரிவர்த்தனையின் கால வரம்பை மாற்றுவதற்கு எத்தனை திரைகளைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்பதும், அதே மாற்றத்தைப் பல சர்வர்களில் செய்யும்போது ஏதேனும் ஒன்றில் விட்டுப்போவது எவ்வளவு எளிது என்பதும் அவர்கள் அறிந்தவையே. 2008இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு (பண்பின் பெயரும் மதிப்பும் வரிவரியாக எழுதப்பட்ட உரைக் கோப்பு) வழி நிர்வாகம் இந்தச் சிக்கலுக்கான விடையாக வந்தது. இன்றும் பழைய வெப்ஸ்பியரை ஓட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்களில் இதைத் தொடாமலே காலம் தள்ளுபவர்கள் உண்டு என்பதால், இதன் நிறைகுறைகளைச் சொல்வது பயன்படும்.

வெப்ஸ்பியர் தன் அமைவுகளை செல் (மொத்த நிர்வாக எல்லை), நோடு (அதிலுள்ள, பெரும்பாலும் ஒரு கணினியைக் குறிக்கும் பிரிவு), சர்வர் என்ற படிநிலையில் அடுக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகளில் வைத்திருக்கிறது. அவற்றைக் கையால் திருத்துவது ஆபத்தான வேலை. டபிள்யூஎஸ்அட்மின் என்னும் கட்டளைக் கருவியைத் திறந்து, ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்து அமைவுகளைப் பிரித்தெடுக்கச் சொன்னால், பரிவர்த்தனைச் சேவை, வெப் கன்டெய்னர் (இணையக் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி), த்ரெட் பூல் (வேலைகளை இணையாகச் செய்யும் இழைகளின் தொகுப்பு), ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் இயந்திரம்) ஆகியவை தனித்தனிப் பகுதிகளாக ஒரே உரைக் கோப்பில் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் அது எந்த வளத்தைச் சேர்ந்தது என்ற முகவரி இருக்கும். மதிப்புக்குப் பக்கத்திலேயே அது எண்ணா, கட்டாயமானதா, இயல்பு மதிப்பு என்ன என்ற குறிப்பும் இருக்கும். பரிவர்த்தனையின் மொத்த ஆயுள் 120 வினாடி, கிளையன்ட் செயலற்றிருக்கும் வரம்பு 60 வினாடி, வெப் கன்டெய்னர் பூலின் உச்ச வரம்பு 50 த்ரெட் என்பவற்றை, கன்சோலில் தேடி அலையாமல் ஒரே கோப்பில் படித்துவிடலாம்.

என் பார்வையில் இந்த வசதியின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. சோதனைச் சூழலிலிருந்து ஒரு கோப்பும் உற்பத்திச் சூழலிலிருந்து ஒரு கோப்பும் எடுத்து ஒப்பிட்டால், 'அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை' என்ற நெடிய வாக்குவாதங்கள் பெரும்பாலும் சில வரிகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் பிரித்தெடுக்கும்போது பிற சூழல்களுக்கும் பொருந்தும் கோப்பாக எழுதச் சொல்லும் விருப்பத்தை இயக்க வேண்டும். இல்லையென்றால் வெப்ஸ்பியர் உள்ளுக்குள் தானே சூட்டிக்கொண்ட அடையாள எண்கள் முகவரிகளில் புகுந்து, ஒப்பீடு முழுவதையும் குப்பையாக்கிவிடும். இதை இயல்பாகவே இயக்கி வைக்காதது விளங்காத முடிவு. வடிகட்டாமல் எடுத்தால் கோப்பு மிக நீண்டுவிடுகிறது என்பதும் குறைதான்; உட்பிரிவுகளைத் தவிர்க்கவோ தேர்ந்தெடுக்கவோ வழி இருப்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

திருத்தும் வேலையும் நன்றாகவே நடக்கிறது. கோப்பில் உள்ள பண்புகள் மட்டுமே மாறும், இல்லாதவை தொடப்படாது என்பதால், தலைப்பையும் வேண்டிய ஓரிரு வரிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டி எறிந்துவிடலாம். செல், நோடு, சர்வர் பெயர்களை மாறிகளாக விட்டு, அவற்றின் மதிப்புகளைத் தனிக் கோப்பில் கொடுத்தால் ஒரே கோப்பு எல்லாச் சூழல்களுக்கும் பொருந்தும். அமல்படுத்தும் முன் சரிபார்க்கும் கட்டளை ஒன்று உண்டு. பிழைகளையும் மாற்றங்களையும் மட்டும் காட்டும் அறிக்கையையும் கேட்டுப் பெறலாம். அமல்படுத்திய பிறகும் சேமிக்கச் சொல்லாதவரை எதுவும் நிலைபெறாது என்பது புதியவர்களுக்கு எரிச்சலூட்டினாலும், அறிக்கையைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் கைவிட அது தரும் வாய்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புதிதாக ஒன்றை உருவாக்க வரும்போதுதான் இந்த வசதி தடுமாறுகிறது. வார்ப்புருக் கோப்புகளைத் தரும் கட்டளை உண்டு என்றாலும், 'டேட்டா சோர்ஸ் (தரவுத்தள இணைப்புக்கான அமைவு) இருந்தால் விட்டுவிடு, இல்லையென்றால் உருவாக்கு' என்ற நிபந்தனையையோ, ஒரு கிளஸ்டரின் (ஒன்றாக இயங்கும் சர்வர் குழுவின்) உறுப்பினர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் வேலையையோ ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் எழுத முடியாது. அதற்கு, பைத்தான் மொழியின் ஜாவா வடிவமான ஜைத்தானில் எழுதி டபிள்யூஎஸ்அட்மினில் ஓட்டும் ஸ்கிரிப்ட்தான் வேண்டும். ஒன்பதாம் பதிப்பில் ஜைத்தான் 2.7 கிடைத்தது பெரிய ஆறுதல். அதற்கு முன் 2.1உடன் போராடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் ஒரு பட்டியலைக் கேட்டால் பட்டியலாகத் தராமல், வரிகளாக உடைக்கப்பட்ட ஒரே சரமாகத் திருப்பித் தரும் பழைய வழக்கம் அப்படியே இருக்கிறது.

2012இல் 8.5ஆம் பதிப்புடன் வந்த, வெப்ஸ்பியரின் இலகுவான வடிவமான லிபர்ட்டியில் அமைவுக் கோப்பே மனிதர்கள் எழுதுவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுற்றுவழி அலுப்பைத் தரலாம். லிபர்ட்டிக்கு மாற முடிந்தவர்கள் மாறிவிடுவதே நல்லது. மாற முடியாதவர்கள் மாறும் மதிப்புகளை ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகளில் வைத்து, கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் பாதுகாத்து, நிபந்தனைகளையும் சுழற்சிகளையும் ஒரு சிறிய ஜைத்தான் ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைக்கலாம். டபிள்யூஎஸ்அட்மின் தொடங்கவே கணிசமான நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு கோப்புக்கும் அதைத் தனியாகத் திறக்காமல், எல்லாக் கோப்புகளையும் ஒரே அமர்வில் சரிபார்த்து, அமல்படுத்தி, கடைசியில் ஒருமுறை சேமிக்கும்படி அந்த ஸ்கிரிப்ட்டை எழுதிக்கொள்ள வேண்டும்.