டெல்லிப் பக்கமா, தஞ்சாவூர்ப் பக்கமா?

மார்கழி லீவுக்கு இந்தியா போக நினைக்கிற திருகோணமலைக் குடும்பங்கள் தடுமாறுவது இதில்தான்: டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூரா? சென்னை, தஞ்சாவூர், மதுரையா?

போய்ச் சேர: டெல்லிக்குக் கொழும்பில்தான் ஏற வேண்டும், பறப்பும் நீளம்.
சென்னைக்கு யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்தே விமானம் உண்டு. டிக்கெட்டும் மலிவு.

அலைச்சல்: வடக்கில் மார்கழி, தை மூடுபனியால் றயில்கள் மணிக்கணக்கில் பிந்தும். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் பூட்டு. நாளைப் பார்த்துப் போங்கள்.
தெற்கில் மதியம் கோயில் நடை சாத்துவார்கள், அவ்வளவுதான்.

பார்க்க: தாஜ்மகாலை விடியற்காலையில் பார்த்தால் வாய் அடைத்துப்போகும். ஆனால் எனக்கு நெஞ்சு நிறைந்தது தஞ்சையில். ராஜராஜன் 1010இல் முடித்த பெரிய கோயில், 216 அடி விமானம், சுவரெல்லாம் தமிழ்க் கல்வெட்டு. மதுரையோ நம் கோணேசரைப் பாடிய சம்பந்தர் பாடிய ஆலவாய். அம்மம்மாவுக்கு அங்கே யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

வயதானவர்கள், சின்னப்பிள்ளைகள் கூட வந்தால் தெற்கு. ஹிந்தி தெரியாமலும் சமாளிக்கிற இளசுகள், குளிருக்குச் சுவெட்டர் வைத்திருந்தால் வடக்கு. மாசியில் போனால் இன்னும் நல்லது.