பால்மைராவா, நாவூவா? நண்பர்களோடு போக எந்த மார்மன் பாதை?

அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் நிறுவிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையின் ஆரம்பகாலம் ஒரே ஊரில் நடந்து முடிந்ததல்ல. 1820-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கி, ஒஹையோ, மிசௌரி, இலினாய் என்று இடம் மாறி மாறி, 1847-இல் யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட நினைக்கும் குழு, விடுமுறையில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையில்தான் கழிக்கும். ஒஹையோவின் கர்ட்லண்டிலிருந்து இலினாயின் நாவூவுக்குப் போகவே கிட்டத்தட்ட ஒரு முழு நாள் கார் ஓட்ட வேண்டும். ஆகவே ஒரு வார விடுப்பில் கிளம்பும் நண்பர்கள் கிழக்கா (பால்மைரா, கர்ட்லண்ட்), நடுப்பகுதியா (நாவூ, மிசௌரி) என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. 2019 இறுதியில் சீரமைப்புக்காக மூடிய ஆலயத்தை 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எல்லோருக்கும் திறந்து காட்டப்போவதாகச் சபை அறிவித்திருக்கிறது. அதற்குத் தனியாகவே ஒரு பயணம் போடலாம்.

கிழக்குப் பாதை ராச்செஸ்டர் பக்கத்தில் உள்ள பால்மைராவில் தொடங்குகிறது. ஜோசப் ஸ்மித் தன் 14-வது வயதில் பிதாவையும் இயேசுவையும் தரிசித்ததாக மார்மன்கள் நம்பும் புனிதத் தோப்பு, அவர் குடும்பத்தின் பண்ணை, மார்மன் புத்தகத்தின் மூலமான பொன் தகடுகள் கிடைத்ததாகச் சொல்லப்படும் குமோரா மலை எல்லாம் அருகருகே இருக்கின்றன. விசுவாசிகளுக்குத் தோப்பு ஒன்றே போதும், அதற்காகவே நாடு தாண்டி வருகிறார்கள். கூட வரும் மற்றவர்களுக்கு? அழகான மரங்கள், நல்ல நடைபாதை, அவ்வளவுதான். குமோரா மலையில் கோடைதோறும் நடந்த பிரம்மாண்டமான நாடகமும் 2019-ஓடு நின்றுவிட்டது.

என்னைக் கேட்டால் பால்மைராவில் எல்லோருக்கும் பிடிக்கிற இடம் கிராண்டின் அச்சகம்தான். சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தின் முதல் பதிப்பு 1830-இல் இங்கேதான் வெளிவந்தது. 5,000 பிரதிகள், செலவு 3,000 டாலர். அந்தப் பணத்துக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் பண்ணையை அடமானம் வைத்தார், கடைசியில் நிலத்தை விற்றுத்தான் கடனை அடைக்க முடிந்தது. தரிசனத்தை நம்பலாம், நம்பாமலும் போகலாம். போன நிலம் போனதுதான்.

அங்கிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் கர்ட்லண்ட். 1836-இல் பிரதிஷ்டை செய்த அந்த ஆலயம் வெகுகாலம் மார்மன் சபையின் கையில் இல்லை. யூட்டாவுக்குப் போகாமல் தங்கிவிட்டவர்களின் கிளைச் சபையான கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட்தான் வைத்திருந்தது. 2024 மார்ச்சில் கர்ட்லண்ட் ஆலயம், நாவூவில் சில கட்டடங்கள், பழைய ஆவணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 19 கோடியே 25 லட்சம் டாலருக்கு மார்மன் சபை வாங்கியது. இப்போது பார்வையிடக் கட்டணம் இல்லை. வழக்கமான மார்மன் ஆலயம் போலன்றி, இதை வரலாற்றுக் கட்டடமாக வைத்திருப்பதால் யாரும் உள்ளே போகலாம். கிழக்குப் பாதைக்குப் பெரிய பலம் இதுதான்.

நாவூவில் நிலைமை நேர் எதிர். அங்கேயுள்ள முதல் ஆலயம் 1848-இல் தீ வைக்கப்பட்டு, 1850-இல் சூறாவளியில் மிச்சத்தில் ஒரு பகுதியும் சரிந்தது. இன்று நிற்பது அதே இடத்தில் 2002-இல் எழுப்பிய ஆலயம். சபையின் அனுமதிச் சீட்டு உள்ள உறுப்பினர்களுக்கு மட்டுமே உள்ளே இடம். குழுவில் பாதிப் பேர் ஆலயத்துக்குள் போய்விட்டால் மீதிப் பேர் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் முகம் வாடும்.

ஆனால் செய்ய எதுவுமில்லை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மிசிசிப்பி வளைவில் இருந்த சதுப்பு நிலத்தை வடித்து, மலேரியாவுக்கு நடுவில், சில வருடங்களிலேயே 10,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. கொல்லன் பட்டறை, ரொட்டிக் கடை, துப்பாக்கிப் பட்டறை, மாட்டு வண்டிச் சவாரி எல்லாம் இலவசம். 1846 பிப்ரவரிக் குளிரில் மக்கள் ஊரைக் காலி செய்து ஆற்றை நோக்கிப் போன பார்லி தெருவில் நடக்கலாம். ஆற்றங்கரையில் ஜோசப்பின் கல்லறை. பக்கத்திலேயே மனைவி எம்மாவின் கல்லறை. கணவரின் பலதார மணத்தை வெறுத்த எம்மா, ஜோசப்புக்குப் பின் சபையை யூட்டாவுக்கு நடத்திச் சென்ற பிரிகம் யங்கோடு மேற்கே போகவில்லை. மறுமணம் செய்துகொண்டு 1879 வரை அதே ஊரில் வாழ்ந்தார். வழிகாட்டிகள் பெரும்பாலும் சபை ஊழியர்கள், கதையை விசுவாசக் கோணத்தில் சொல்வார்கள். பலதார மணம் பற்றி நாமாகக் கேட்டால்தான் பேச்சு வரும். மரியாதையாகக் கேட்கலாம், தப்பில்லை.

அரை மணி நேரத் தொலைவில் கார்தேஜ் சிறை. தன்னை விமர்சித்த ஒரு பத்திரிகையின் அச்சு இயந்திரத்தை அழிக்கச் சொன்ன வழக்கில் சரணடைந்த ஜோசப்பையும் அண்ணன் ஹைரமையும் 1844 ஜூன் 27 அன்று ஒரு கும்பல் மாடி ஏறிச் சுட்டுக் கொன்றது. தோட்டா துளைத்த கதவு இன்னும் இருக்கிறது.

நாவூவிலிருந்து நான்கு மணி நேரத்தில் மிசௌரியின் இன்டிபென்டன்ஸ். இயேசு திரும்பி வரும்போதைய ஆலயத்துக்கென 1831-இல் ஜோசப் குறித்த நிலம் இன்று வேறொரு சிறு சபையின் கையில், பெரும்பாலும் புல்வெளியாகவே கிடக்கிறது. தெருவுக்கு அந்தப்பக்கம் கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்டின் சுருள் கோபுரம், இந்தப்பக்கம் மார்மன் சபையின் பார்வையாளர் மையம். ஒரே தீர்க்கதரிசியைச் சொந்தம் கொண்டாடும் மூன்று சபைகள், ஒரே முனையில். இங்கே மூன்றிடமும் போய்க் கேளுங்கள், ராத்திரி முழுக்கப் பேச விஷயம் கிடைக்கும். பக்கத்தில் லிபர்ட்டி சிறை, ஜோசப் நான்கு மாதங்களுக்கு மேல் அடைபட்டிருந்த இடம். மார்மன்களை மாநிலத்தை விட்டுத் துரத்து, அல்லது ஒழித்துக்கட்டு என்று 1838-இல் ஆளுநர் பாக்ஸ் போட்ட உத்தரவை 1976-இல்தான் மிசௌரி முறையாக ரத்து செய்தது.

எல்லோரும் சபை உறுப்பினர்கள் என்றால் தயங்காமல் கிழக்கே போங்கள், தோப்பில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. நம்புகிறவர், நம்பாதவர், சும்மா வருகிறவர் கலந்த குழு என்றால் என் ஓட்டு நடுப்பகுதிக்கே. யூட்டாவிலிருந்து கிளம்பும் பேருந்துச் சுற்றுலாக்கள் விசுவாசிகளுக்கென்றே அமைந்தவை, கலவையான குழுவுக்கு வாடகை வேன்தான் சரி. கன்சாஸ் சிட்டியில் இறங்கி மிசௌரியை முதலில் முடித்து, நாவூ, கார்தேஜ் என்று போனால் வரலாற்று வரிசையும் பிசகாது. அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் செயின்ட் லூயிஸ் விமான நிலையம். ஒன்று மட்டும்: நாவூ சின்ன ஊர், ஜூலையில் நாடக விழாவுக்குக் கூட்டம் மொய்க்கும். அறை கிடைக்காவிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் அயோவாவின் கியோகக்கில் பாருங்கள்.