மாட்ட 5 நிமிஷம், கழற்ற 50 நிமிஷம்

தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் வந்தேன். பேங்க் வேலை, பத்திரப்பதிவு எல்லாம் ஆச்சரியமாக ஒரே நடையில் முடிந்துவிட்டன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கண்ணுக்குள் போன கான்டாக்ட் லென்ஸ் 50 நிமிஷம் வெளியே வராமல் உட்கார்ந்திருந்ததே, அதைத்தான் எழுதப் போகிறேன்.

அப்பா அம்மாவுக்காக ஊரில் ஒரு குடும்ப டாக்டர் கிளினிக்கில் வருஷச் சந்தா கட்டி, அதற்கான கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் எனக்கும் இதே மாதிரி ஏற்பாடுதான், டைரக்ட் பிரைமரி கேர் என்பார்கள். மாசம் ஒரு தொகை கட்டினால் போதும், நடுவில் இன்சூரன்ஸ் கிடையாது, மெசேஜ் அனுப்பினால் டாக்டரே பதில் போடுவார். கண் விஷயம் வரும்வரை எல்லாம் அருமை. லென்ஸ் என்றதும் அது எங்கள் வேலை இல்லை, கண் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் போங்கள் என்பார்கள். அங்கே கண் பரிசோதனைக்கு ஒரு பில், லென்ஸை அளவெடுத்துப் பொருத்தும் ஃபிட்டிங்குக்குத் தனியாக இன்னொரு பில். பல்லும் கண்ணும் உடம்பைச் சேர்ந்தவை இல்லை என்று அந்த நாட்டில் யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

கல்யாண போட்டோவில் ஒருமுறையாவது கண்ணாடி இல்லாமல் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கிளம்புவதற்கு முன்பே அந்த ஊர் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எல்லாம் கார்டுலயே வந்துடும் மேடம்" என்றார்கள். போனால், கண் பார்க்கும் பெண் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாளாம். 10 மணி என்று சொன்ன நாளில் 11:40க்கு வந்தாள். அதற்குள் ரிசப்ஷனில் இன்னொரு செய்தி காத்திருந்தது: செக்கப் கார்டில் வரும், லென்ஸ் ஃபிட்டிங் வராது. அதே வசனத்தைக் கேட்கவா இவ்வளவு தூரம் பறந்து வந்தேன்!

"சரி, என் கண்ணாடிச் சீட்டைப் பார்த்து அதே பவர்ல ஒண்ணு குடுத்துடும்மா, போயிட்டு வரேன்" என்றேன். நாமெல்லாம் கண்ணாடிக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கனமான வட்ட பிரேமை மூக்கில் மாட்டிக்கொண்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டதற்குக் குத்துமதிப்பாகத் தலையாட்டி வளர்ந்தவர்கள்தானே. அவள் அசையவில்லை. "அது கண்ணாடி பவர் மேடம். கண்ணாடி கண்ணுக்கு ஒரு 12 மில்லிமீட்டர் முன்னாடி நிக்குது, லென்ஸ் கண்ணு மேலயே உக்காருது. 4க்கு மேல போனா பவர் மாறும்." மைனஸ் 5.25 இருந்த என் இடது கண்ணுக்கு 5தான் வந்தது. அப்புறம் கருவிழியின் வளைவை அளந்தாள். வலது கண்ணில் சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் வேறு பவர், இருப்பதால் அதற்கென்றே செய்த டோரிக் லென்ஸ். அது கண்ணில் சுழன்றுவிடக் கூடாது என்பதால், எப்படி நிற்கிறது என்று பார்க்க அடிப்பக்கம் சின்னதாக ஒரு கோடு போட்டிருப்பார்களாம். சோதனை லென்ஸை மாட்டி 20 நிமிஷம் உட்கார வைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். கோடு அவள் பார்வைக்கு இடப்பக்கம் 10 டிகிரி சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை ஈடுகட்ட, 170 என்று எழுதியிருந்த ஆக்ஸிஸை, அதாவது சிலிண்டர் நிற்கும் கோணத்தை, அடித்து 180 என்று எழுதினாள். பேனாவால் ஒரு கோடு, அவ்வளவுதான், என் கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதியைக் கழற்றும் படலம் திருப்பிக் கொண்டுவந்தது. "மேல பாருங்க, லென்ஸை விரலால கீழ வெள்ளைப் பக்கம் இழுங்க, அப்புறம் மெதுவாக் கிள்ளுங்க." கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. விரல் கிட்டே வந்தாலே இமை மூடிக்கொள்கிறது. கல்யாணத்துக்கென்று வளர்த்த நகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் டிராயரைத் திறந்து நகவெட்டியை நீட்டினாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல் இரண்டு நகமும் போயின. பக்கத்தில் அம்மா, "கண்ணைப் பிடுங்கிடாதடி, நீயே எடுத்து விடேம்மா" என்று ஒரே புலம்பல். "நான் எடுத்துடுவேன் அம்மா, ராத்திரி வீட்டுல யார் எடுப்பா?" என்றாள் அந்தப் பெண். வெளியே நாலு பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள், ரிசப்ஷன் பெண் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இவள் நகரவே இல்லை. மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. ஒருவழியாக வந்தது. "இன்னும் ரெண்டு தடவை அக்கா" என்றாள். போன வருஷம் என் மகளுக்கு அமெரிக்காவில் லென்ஸ் போட்டபோது, நேரம் முடிந்தது, வேறொரு நாள் வந்து பழகிக்கொள்ளுங்கள் என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள். அங்கே நேரம் தவற மாட்டார்கள் என்பது உண்மைதான். முடிக்கும் நேரமும் தவறாது.

பைப் தண்ணீர் லென்ஸில் படக்கூடாது, குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும் என்றாள். "நான் இருக்கிற ஊர்ல தண்ணி சுத்தம்" என்று கொஞ்சம் அலட்டினேன். "எந்த ஊர் பைப்பா இருந்தாலும் அதேதான் அக்கா, அகாந்தமீபான்னு ஒரு கிருமி, கருவிழியையே அரிச்சிடும்." வாயை மூடிக்கொண்டேன்.

லென்ஸ் பவர் எழுதிய சீட்டைக் கேட்டபோதுதான் மறுபடி எரிச்சல். அமெரிக்காவில் 2004இலிருந்து விதி இருக்கிறது, ஃபிட்டிங் முடிந்ததும் நாம் கேட்காமலே சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இங்கே ரிசப்ஷனில், "எதுக்கு மேடம், இங்கயே ஆர்டர் போட்டுடலாமே" என்று திரும்பத் திரும்ப அதே பாட்டு. கடைசியில் அந்தப் பெண்தான் வந்து பேஸ் கர்வ் (லென்ஸின் வளைவு) 8.6, டயாமீட்டர் (அகலம்) 14.2 என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள்.

லென்ஸ் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஹோமப் புகையில் கண் எரிந்து தண்ணீராகக் கொட்ட, முகூர்த்தத்துக்கு முன்பே மணப்பெண் அறைக்கு ஓடிக் கழற்றிவிட்டேன். ஆல்பம் முழுக்கக் கண்ணாடியோடுதான் இருக்கிறேன். கழற்ற இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 40 செகண்டுதான் ஆனது, அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.